சிவப்புப் பட்டியல் தளம்: எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்

காலநிலை மாற்றம், காடழிப்பு, அயல் ஊடுருவி இனங்கள், எல்லாம் சேர்ந்து எந்த உயிரினத்தை எவ்வளவு வேகமாக அழிவின் பக்கம் தள்ளுகின்றன என்று கணக்குப் போடுகிறவர்களோடு வேலை செய்கிறேன். காலையில் கணினியைத் திறந்தால் முதலில் திறக்கிற பக்கம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின், அதாவது ஐயுசிஎன்னின், சிவப்புப் பட்டியல்தான். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள்: இதை நம்பலாமா, எதைப் பதிவிறக்குவது, இந்த சிஆர், ஈஎன், வியூ எல்லாம் என்ன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். போன அந்த ஒரு நட்சத்திரத்தைப் பற்றித்தான் கீழே நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் என்ன சரக்கு என்று பார்ப்போம். ஒன்றியம் 1948இல் தொடங்கியது, பட்டியல் 1964இல். இன்றைக்கு 1,70,000க்கும் மேற்பட்ட இனங்களை மதிப்பிட்டு வைத்திருக்கிறார்கள், அதில் 48,000க்கும் மேல் அழிவின் அச்சுறுத்தலில் உள்ளவை. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பக்கம். வகைப்பாடு, பரவல், எண்ணிக்கை, வாழிடம், அச்சுறுத்தல்கள், என்ன பாதுகாப்பு நடக்கிறது, யார் மதிப்பிட்டார்கள், எந்த ஆண்டு, எல்லாம் அங்கேயே இருக்கும். ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் காசு கிடையாது. கணக்கு ஒன்று தொடங்கி, எதற்காக எடுக்கிறீர்கள் என்று சொன்னால் பரவல் வரைபடங்களையும் அட்டவணைகளையும் இறக்கிக்கொள்ளலாம். வணிக வேலைக்கு அப்படி எடுக்க முடியாது, அதற்கு வேறு கட்டணச் சேவை உண்டு. எடுத்ததை அப்படியே உங்கள் தளத்தில் ஏற்றி ஊருக்கெல்லாம் விநியோகிக்கவும் கூடாது. இந்த இரண்டையும் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அமுக்கிவிட்டுப் பிறகு கட்டுரை அனுப்புகிற நேரத்தில் முழிக்கிறவர்கள் எப்போதும் உண்டு.

அச்சுறுத்தலில் உள்ளவை என்றால் மூன்றே படிகள்தான்: அழிவாய்ப்பு (வியூ), அருகிய (ஈஎன்), மிக அருகிய (சிஆர்). அச்சுறு நிலையை அண்மித்தவை இந்தக் கணக்கில் வராது, 'தரவுகள் போதாது' என்பதும் வராது. செய்திகளில் இதைக் குழப்பாமல் எழுதுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆரம்பத்தில் இந்தப் படிகளை நிபுணர்கள் தங்கள் அனுபவத்தை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். ஒருவருக்கு ஆபத்தாகத் தெரிந்தது இன்னொருவருக்குப் பெரிதாகத் தெரியாது. 1991இல் ஜார்ஜினா மேஸும் ரஸ்ஸல் லாண்டேயும் ஒரு கட்டுரை எழுதினார்கள்: அழிவு என்பது ஒரு நிகழ்தகவு, அதை எண்ணால் அளக்கலாம், எல்லா இனத்துக்கும் ஒரே அளவுகோல் போடலாம் என்று. அதை வளர்த்தெடுத்துத்தான் 1994இல் எண் சார்ந்த விதிகள் வந்தன, 2001இல் வந்த 3.1 பதிப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக விதி மாறாமல் இருப்பதை எரிச்சலாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம். அளவுகோலை அடிக்கடி மாற்றினால், இனம் மாறியதா கோல் மாறியதா என்று எப்படித் தெரியும்?

விதிகள் ஐந்து, ஏ முதல் ஈ வரை. ஏ என்பது எண்ணிக்கைச் சரிவு. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 30 சதவீதம் குறைந்தால் அழிவாய்ப்பு, 50 என்றால் அருகியது, 80 என்றால் மிக அருகியது. பி என்பது பரப்பு: பரவல் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குள், 5,000க்குள், 100க்குள் என்று இறங்கும், ஆனால் பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது, துண்டாகிக் கிடப்பது, தொடர்ந்து குறைவது போன்றவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். சி என்பது சின்னக் கூட்டம், அதுவும் குறைகிறது. டி என்பது மிகச் சின்னக் கூட்டம், குறையாவிட்டாலும் பரவாயில்லை, முதிர்ந்தவை 50க்குக் கீழே போனால் நேராக மிக அருகியது. ஈ என்பது கணினி மாதிரி ஓட்டி அழிவின் நிகழ்தகவையே கணக்கிடுவது. ஐந்தில் ஏதாவது ஒன்றில் மாட்டினாலே போதும், எதில் அதிக ஆபத்துப் படி வருகிறதோ அதுதான் இனத்தின் படி.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பக்கத்தைத் திறக்கிறார்கள், வண்ண வட்டத்தில் இருக்கிற இரண்டு எழுத்தைப் பார்க்கிறார்கள், அட்டவணையில் ஏற்றுகிறார்கள், மூடிவிடுகிறார்கள். வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்னக் குறியீடு இருக்கும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் முழுப் பக்கத்திலும் விலை மதிப்புள்ளது அதுதான்.

பனிக்கரடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 மதிப்பீட்டில் படி அழிவாய்ப்பு, குறியீடு ஏ3சி. ஏ என்றால் சரிவு விதி. 3 என்றால் அந்தச் சரிவு இன்னும் நடக்கவில்லை, இனிமேல் நடக்கும் என்று கணிக்கப்பட்டது. சி என்றால் அந்தக் கணிப்புக்கு ஆதாரம் வாழிடம் சுருங்குவது, இங்கே கடல் பனி. உள்ளே போய்ப் படித்தால் அப்போதைய மதிப்பு சுமார் 26,000 கரடிகள், ஒரு தலைமுறை 11.5 ஆண்டு, ஆகவே மூன்று தலைமுறை என்பது ஏறக்குறைய 35 ஆண்டு. அதற்குள் எண்ணிக்கை 30 சதவீதத்துக்கு மேல் குறைவதற்கான வாய்ப்பு 71 சதவீதம் என்று வந்திருக்கிறது. பாதிக்கு மேல் குறைவதற்கான வாய்ப்பு சில சதவீதம்தான், அதனால் அடுத்த படிக்கு ஏறவில்லை. பாருங்கள், மூன்று எழுத்துக்குள் எவ்வளவு கதை.

இப்போது பாண்டா. 2016இல் அருகிய படியிலிருந்து அழிவாய்ப்புக்கு இறங்கியது, அதாவது கரடிக்கும் இதற்கும் வட்டத்துக்குள் ஒரே எழுத்து. ஆனால் அதற்கு முன் நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் கிடைத்தது 1,864 பாண்டாக்கள். ஒன்று நிறைய இருக்கிறது, குறையப் போகிறது. இன்னொன்று கொஞ்சமாக இருக்கிறது, கூடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் 'வியூ' என்று ஒரே பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியைச் சராசரி எடுத்து, வெப்பநிலையோடு ஒப்பிட்டு வரைபடம் போடுகிற கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். படி என்பது காய்ச்சலின் அளவு மாதிரி. என்ன நோய் என்பதை அது சொல்லாது, சொல்வதாக அதுவும் எங்கேயும் சத்தியம் செய்யவில்லை.

என் பங்குக்கும் ஒரு சறுக்கல் உண்டு, மறைப்பானேன். சில வருடம் முன்பு மலையுச்சியில் மட்டும் வளர்கிற ஒரு செடிக்கு பரவல் எல்லை கணக்கிடச் சொன்னார்கள். பொதுத் தரவுத்தளம் ஒன்றிலிருந்து பதிவுகளை இறக்கி, வெளிப்புறப் புள்ளிகளை எல்லாம் இணைத்து ஒரு பலகோணம் போட்டேன். பரப்பு பிரமாண்டமாக வந்தது, செடிக்கு ஒன்றும் ஆபத்தில்லை என்று சந்தோஷமாக எழுதியும் அனுப்பிவிட்டேன். மேசைக்கு எதிரே இருந்தவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, உங்க செடி கடல்ல எப்போ இருந்து வளருது?" என்றார். அட்சரேகை சுழியம், தீர்க்கரேகை சுழியம் என்று ஒரு பதிவு, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடலில். இன்னொன்று ஒரு பெருநகரத்தின் நடுவில், உலர்தாவரக் காப்பகக் கட்டடத்தின் மீதே விழுந்திருந்தது. செடி மாதிரியைச் சேகரித்த இடத்துக்குப் பதில் அது வைக்கப்பட்டிருக்கும் இடம் பதிவாகியிருந்தது. அந்த மாதிரிப் புள்ளிகள் இருக்கும் என்பது இந்தத் துறையில் குழந்தைக்கும் தெரியும், களைவதற்கென்றே 'கோஆர்டினேட்கிளீனர்' என்று நிரல் தொகுப்பு இருக்கிறது, நான்தான் ஓட்டவில்லை. ஆறேழு புள்ளியைத் தூக்கிய பிறகு பரப்பு சடாரென்று விழுந்து, செடி இரண்டு படி மேலே ஏறிவிட்டது. இப்போதெல்லாம் கியூ தாவரவியல் பூங்காவினர் செய்த 'ஜியோகேட்' கருவியில் முதலில் புள்ளிகளைப் போட்டுக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

பரப்பு என்றதும் இன்னொன்று. வாழும் பரப்பை, அதாவது வெளிப்புறப் புள்ளிகளை இணைத்து வருகிற பரவல் எல்லையை அல்ல, இனம் உண்மையில் இருக்கிற கட்டங்களின் கூட்டலை, அளக்கும்போது 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டம் போடச் சொல்கிறார்கள், ஒரு கட்டம் 4 சதுர கிலோமீட்டர். காலநிலைத் தரவு ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் கிடைக்கிறதே என்று அதிலேயே கூட்டினால் பரப்பு குறைந்து இனம் ஆபத்தில் இருப்பதாக வரும், பத்துக் கிலோமீட்டரில் கூட்டினால் எல்லாம் சுகம் என்று வரும். செடி அங்கேயேதான் நிற்கிறது, படி மட்டும் ஆடுகிறது. விதிகளுக்கு விளக்கமாக நூறு பக்கத்துக்கு மேல் ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறார்கள், இந்தத் தொல்லையெல்லாம் அதில் விலாவாரியாக இருக்கிறது. தலையணை மாதிரி இருந்தாலும் இந்த அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். இலவச இணையப் பயிற்சியும் உண்டு, அது இதைவிட நன்றாகவே இறங்கும்.

வரைபடங்களைப் பற்றியும் எச்சரிக்கை. தளத்தில் கிடைக்கிற பரவல் பலகோணங்கள் வெளி எல்லையைக் காட்டுபவை, உள்ளே ஒவ்வோர் இடத்திலும் அந்த விலங்கு இருக்கிறது என்று பொருள் இல்லை. ஒரு பாகைக் கட்டம், ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அதற்குக் கீழே போய் நுணுக்கமாக இவற்றை நம்பக் கூடாது என்று பறவைக் கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டு 2007லேயே காட்டிவிட்டார்கள். ஆனாலும் ஒரு கிலோமீட்டர் வெப்பநிலைப் படத்தின் மேல் இதை அப்படியே விரித்து, "இந்தத் தவளை 34 டிகிரி வரை தாங்கும்" என்று எழுதுவது இன்னும் ஓயவில்லை. பள்ளத்தாக்கின் வெப்பத்தை மலை மேல் இருக்கும் தவளையின் கணக்கில் எழுதுகிறோம், அவ்வளவுதான்.

சரி, போன நட்சத்திரத்துக்கு வருவோம். காலநிலை மாற்றத்தைப் பிடிப்பதில் இந்த அளவுகோலுக்குக் கை கொஞ்சம் குட்டை. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை என்ற அந்தச் சன்னலை மறுபடியும் பாருங்கள். யானைக்குத் தலைமுறை நீளம், சன்னலும் அகலம், எதிர்காலத்தில் நூறு ஆண்டு வரை போகலாம். தவளைக்குத் தலைமுறை இரண்டு மூன்று ஆண்டு, அதனால் பார்க்க முடிவது பத்தே ஆண்டு. வெப்பமோ இருபது, நாற்பது, அறுபது ஆண்டில் மெதுவாக ஏறுகிறது. சின்ன உயிர்களுக்கு, பத்து ஆண்டுக்குள் தெரிகிற சரிவு பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும், படி ஏறாது. நூறு ஆண்டு பார்க்க எல்லா உயிருக்கும் வழிவிடுகிற ஒரே விதி ஈ, அதுவும் அழிவாய்ப்பு என்ற ஆபத்து குறைந்த கீழ்ப் படிக்கு மட்டும்தான், அதைப் போட வேண்டிய அளவுக்குத் தரவு உள்ள இனங்கள் மிகக் குறைவு. சன்னலைச் சின்னதாக வைத்ததற்கும் நியாயம் இருக்கிறது, தூரத்துக் கணிப்பு எல்லாம் கணிப்பு மேல் கணிப்பாகப் போய்விடும். ஆனால் குறை குறைதான்.

இதைச் சரிக்கட்டுகிறேன் என்று சிலர் செய்வது இன்னும் மோசம். 2070இல் வாழிடம் 55 சதவீதம் சுருங்கும் என்று கணினி மாதிரி சொன்னால், 50ஐத் தாண்டியது, ஆகவே அருகியது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 50 சதவீதம் பத்து ஆண்டுக்கோ மூன்று தலைமுறைக்கோ போட்ட எல்லை. ஐம்பது ஆண்டுச் சரிவை அதில் வைத்து அளப்பது, மாதச் சம்பளத்தை ஒரு நாள் கூலியாகக் காட்டுகிற கணக்கு.

தலைப்புச் செய்தியாகிற எண்களும் இப்படித்தான் கைமாறுகின்றன. 2004இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, நடுத்தர வெப்பமயமாதல் நடந்தால் ஆராயப்பட்ட பகுதிகளின் இனங்களில் 15 முதல் 37 சதவீதம் 2050க்குள் அழிவுக்கு 'விதிக்கப்பட்டுவிடும்' என்றது. விதிக்கப்படுவது வேறு, 2050க்குள் அழிந்து முடிவது வேறு. இடையில் பல பத்தாண்டு, சமயத்தில் நூற்றாண்டு கூட ஓடலாம், அதைத்தான் அழிவுக் கடன் என்கிறோம். செய்தி வெளியானபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. 2015இல் மார்க் அர்பன் 131 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உமிழ்வு கட்டுக்கடங்காமல் போனால் ஆறில் ஒரு இனத்துக்கு ஆபத்து, இரண்டு டிகிரியில் நிறுத்தினால் 5 சதவீதம் சொச்சம் என்று சொன்னார். எனக்கு இந்த இரண்டாவது எண் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மூன்று மடங்கு மாறுகிறது.

2019இல் பல்லுயிர் பற்றிய அரசுகளுக்கிடையிலான அறிவியல் அமைப்பான ஐபிபிஇஎஸ்ஸின் அறிக்கை சொன்ன 'பத்து லட்சம் இனங்கள்' கணக்கும் இந்தப் பட்டியலில்தான் வேர் விட்டிருக்கிறது. முறை எளிது: நன்றாக மதிப்பிடப்பட்ட உயிரின வகைகளில் நாலில் ஓர் இனம் அச்சுறுத்தலில் உள்ளது. பூச்சிகளுக்குத் தகவல் குறைவு என்பதால் ஜாக்கிரதையாகப் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டார்கள். உலகில் 80 லட்சம் இனங்கள், அதில் 55 லட்சம் பூச்சி என்ற மதிப்போடு பெருக்கினால் பத்து லட்சத்தை ஒட்டி வரும். இதைத் தெரிந்துகொண்டு அந்த எண்ணைச் சொல்வதும், எங்கிருந்தோ வந்து விழுந்த மாதிரிச் சொல்வதும் ஒன்றல்ல.

ஒவ்வொரு பக்கத்திலும் அச்சுறுத்தல்களுக்கு எண் கொடுத்திருப்பார்கள், காலநிலை மாற்றமும் கடும் வானிலையும் 11ஆவது. ஆராய்ச்சிக்காரர்கள் விழுந்து விழுந்து இறக்குகிற பகுதி இதுதான். 2016இல் இதை வைத்து 8,688 இனங்களைப் பார்த்தபோது, 72 சதவீதத்துக்கு அளவுமீறி வேட்டையாடுவது, பிடிப்பது, வெட்டுவது அச்சுறுத்தல், 62 சதவீதத்துக்கு வேளாண்மை, காலநிலை 19 சதவீதத்துக்கு. ஒரே இனத்துக்குப் பல அச்சுறுத்தல் இருக்கலாம் என்பதால் கூட்டினால் நூறைத் தாண்டும். இதைப் படித்துவிட்டு "காலநிலை பெரிய பிரச்சினையே இல்லை" என்று சொல்கிறவர்களும் உண்டு. துப்பாக்கியும் கோடரியும் கண்ணுக்குத் தெரியும், வெப்பம் தெரியாது. மதிப்பிட்டவர் 11ஐக் குறிக்கவில்லை என்றால், இல்லை என்றும் பொருள் இருக்கலாம், யாரும் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டும் வசதி அட்டவணையில் கிடையாது. போன அந்த ஒரு நட்சத்திரத்தில் பாதி இதற்குத்தான்.

தெரிந்த இடத்தில் அது எப்படித் தெரிகிறது என்பதற்கு பிராம்பிள் கே மெலோமிஸ் பக்கத்தைப் படியுங்கள். ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் நடுவே ஒரு பவளமணல் திட்டு, நாலைந்து ஹெக்டேர்தான், உயரம் மூன்று மீட்டர் இருக்கலாம். அந்தத் திட்டில் மட்டும் வாழ்ந்த எலி இது, 1970களில் சில நூறு இருந்தன. கடல் ஏறி ஏறி அலை உள்ளே புகுந்ததில், 2004இல் 2.2 ஹெக்டேர் இருந்த செடிகொடிப் பரப்பு 2014இல் 0.065 ஹெக்டேர் ஆனது. ஒரு நல்ல அளவு வீடு கட்டுகிற மனை. கடைசியாகக் கண்ணில் பட்டது 2009இல். 2014இல் 900 பொறி இரவுகள் (ஒரு பொறி ஓர் இரவு இருந்தால் ஒன்று என்று கணக்கு) வைத்துத் தேடியும் ஒன்றும் மாட்டவில்லை. மனிதரால் வந்த காலநிலை மாற்றத்தால் அற்றுப்போன முதல் பாலூட்டி என்று இதைச் சொல்கிறார்கள், ஆஸ்திரேலிய அரசு 2019இல் அதிகாரப்பூர்வமாக அற்றுவிட்டது என்று பதிந்தது. பொறி வைத்த இரவுகளின் எண்ணிக்கையை வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆண்டுகளுக்கு நடுவே இருக்கிற இந்த இடைவெளியைக் கவனியுங்கள். கடைசியாகப் பார்த்தது ஓர் ஆண்டு, அறிவித்தது இன்னோர் ஆண்டு. பொன் தேரையைக் கடைசியாகப் பார்த்தது 1989, பட்டியலில் அற்றுவிட்டது என்று ஏறியது 2004. மெல்லலகுக் கோட்டானை (ஆந்தை அல்ல, ஒரு கரைப்பறவை) கடைசியாக உறுதியாகப் பார்த்தது 1995இல் மொராக்கோவில், அறிவித்தது 2025. அவசரப்பட்டு அறிவித்தால் பாதுகாப்பும் நிதியும் நின்றுபோகும், அதனால் தாமதிப்பது சரிதான். ஆனால் அறிவித்த ஆண்டை வைத்து 'பத்தாண்டுக்கு எத்தனை அழிவு' என்று கோடு போட்டால் அந்தக் கோடு காட்டுவது குழுக்கள் கூடிய தேதியைத்தான்.

அடுத்து மாற்றங்கள். ஒவ்வொரு புதுப்பிப்போடும் எந்த இனம் எந்தப் படியிலிருந்து எதற்குப் போனது என்று ஓர் அட்டவணை வரும், 7ஆவது. அதில் உண்மையான மாற்றமா, வெறுமனே தகவல் கூடியதாலோ வகைப்பாடு மாறியதாலோ வந்த மாற்றமா என்று தனியாகக் குறித்திருப்பார்கள். காலப்போக்கில் ஆபத்து கூடுகிறதா குறைகிறதா என்று காட்டுகிற சிவப்புப் பட்டியல் குறியீட்டெண்ணில் உண்மையானவை மட்டும்தான் சேரும். 2021இல் ஆப்பிரிக்க யானையை இரண்டு இனமாகப் பிரித்து அடர்காட்டு யானையை மிக அருகியதாகவும் புல்வெளி யானையை அருகியதாகவும் போட்டபோது, ஒரே நாளில் யானைகள் செத்து விழவில்லை. நல்ல சேதியும் இங்கேதான் இருக்கிறது: ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை 2001இல் 62 முதிர்ந்தவை, 2022இல் 648, 2024இல் அழிவாய்ப்புப் படிக்கு இறங்கியது. 2025 அக்டோபரில் பேராமை அருகிய படியிலிருந்து இரண்டு படி தாண்டிக் கவலை குறைந்த இனமானது. அதே புதுப்பிப்பில் கடல் பனி கரைவதால் ஆர்க்டிக் சீல்கள் மூன்று மேலே ஏறின. ஆமைச் சேதி மட்டும் எல்லா இடத்திலும் ஓடியது, சீல்களை அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

தப்பு என்று பட்டால் மறுப்பு மனு கொடுக்கலாம், அது ஒப்புக்கு வைத்த வசதியும் இல்லை. வலசை போகும் மோனார்க் பட்டாம்பூச்சியை 2022இல் அருகியது என்று போட்டார்கள், கணிப்பு மாதிரிகளைப் பயன்படுத்திய விதத்தைச் சில ஆய்வாளர்கள் எதிர்த்து மனுப் போட்டார்கள், 2023இல் அழிவாய்ப்பு என்று மாற்றினார்கள். இப்படி வெளிப்படையாகத் திருத்திக்கொள்கிற சேவை எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்.

ஓட்டைகளும் பெரியவைதான். பறவைகள் முழுதாக மதிப்பிடப்பட்டுவிட்டன, பாலூட்டிகளும் இருவாழ்விகளும் கிட்டத்தட்ட. பெயர் வைக்கப்பட்ட பூச்சி மட்டும் பத்து லட்சம், மதிப்பிட்டது ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டாது. பூஞ்சைகள் 2025 மார்ச்சில்தான் 1,300 ஆயின. ஆகவே "உலகில் இத்தனை சதவீத இனங்கள் ஆபத்தில்" என்று மொத்தப் பட்டியலை வகுத்துச் சொல்லாதீர்கள், ஆபத்தில் இருப்பதாகச் சந்தேகப்பட்டவையே முதலில் மதிப்பிடப்பட்டிருக்கும். முழுதாக மதிப்பிட்டு முடித்த வகைக்குள்தான் சதவீதம் பேச வேண்டும்: இருவாழ்விகளில் 41, பாறை அமைக்கும் பவளங்களில் 44, சைக்கஸ் வகைகளில் 71. இவற்றிலும் 'தரவுகள் போதாது' இனங்களைக் கழித்துவிட்டுத்தான் வகுக்கிறார்கள், அவையும் மற்றவை மாதிரியே இருக்கும் என்ற அனுமானத்தில். 2022இல் வந்த ஒரு கணினிக் கற்றல் ஆய்வு அப்படிப்பட்ட 7,699 இனங்களைப் பார்த்து, 56 சதவீதம் ஆபத்தில் இருக்கலாம் என்றது. அனுமானம் கொஞ்சம் தாராளம் போலிருக்கிறது.

பத்து ஆண்டு தாண்டிய மதிப்பீட்டின் மேல் 'புதுப்பிக்க வேண்டும்' என்று ஒரு குறிப்பு தொங்கும். அதை மறைக்காமல் போடுவது நேர்மை, ஆனால் அந்தக் குறிப்பு தொங்குகிற பக்கங்கள் நிறைய. இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஆயிரக்கணக்கான தன்னார்வ நிபுணர்கள், சொந்த வேலை முடிந்த பிறகு ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள். அதனால் நட்சத்திரம் குறைக்க மனம் வரவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், மதிப்பிட்ட ஆண்டு என்ற பத்தியையும் சேர்த்து இறக்குங்கள், கட்டுரையில் பதிப்பு எண்ணையும் போடுங்கள். 2008இன் தகவலை 2025இன் வெப்பநிலையோடு பொருத்திவிட்டு முடிவு வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

அப்புறம் அந்த மலைச்செடி. திருத்திய புள்ளிகளை எல்லாம் சேர்த்து, மூன்று நாள் ஏறி இறங்கி எண்ணியதையும் வைத்து, அதை மதிப்பிடுகிற குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன், பத்து நாளில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி: நீங்கள் எண்ணிய 412இல் பூத்துக் காய்த்தவை எத்தனை? விதிகள் கேட்பது முதிர்ந்தவற்றை மட்டும். நானோ முழங்கால் உயரத்தில் இருந்த நாற்றுகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன், குறிப்பேட்டில் பிரித்தும் எழுதவில்லை. பூக்கும் பருவம் வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மறுபடியும் ஏற வேண்டும்.